அப்பளப் பாட்டிகளும் அகஸ்தியரும்

ஒரு கல்யாணக் கடிதம் வந்திருக்கிறது. பெண் என் பெரியம்மையின் பேத்தி. மாப்பிள்ளை அவளோடு பெங்களூரில் ஒரே கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவர். இரு வீட்டாருக்கும் பூரண சம்மதம். எல்லாம் வழக்கப்படிதான் இருக்கிறது, இடத்தைத் தவிர. முகூர்த்தம் தாய்லாந்தில், ஃபூக்கெட் தீவில், கடற்கரையை ஒட்டிய ஓர் ஓட்டலில். மஞ்சள் தடவிய கடிதத்தோடு இன்னொரு தாளும் உறைக்குள் இருந்தது. விருந்தாளிகள் செய்ய வேண்டிய காரியங்களை அதில் எண் போட்டு வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். விமான டிக்கட்டை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டல் அறை கல்யாண வீட்டார் செலவு. முதல் நாள் மாலை வெள்ளை உடுப்பு. மறுநாள் காலை பட்டு. மொத்தம் எண்பது பேருக்குத்தான் இடம். ஆகவே வருவதையோ வராததையோ இன்ன தேதிக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

பெரியம்மைக்கு வயது எண்பது. ஸ்ரீவைகுண்டத்து வீட்டை விட்டு அதிகம் அசையாதவள். பாஸ்போர்ட் கிடையாது. அவளுக்குப் பாஸ்போர்ட் வாங்கி, வாகைக்குளத்தில் விமானம் ஏற்றி, சென்னையில் இறக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பை அண்ணாச்சி, அதாவது பெண்ணின் தகப்பனார், என் தலையில் கட்டியிருக்கிறார். அது இந்தக் காலத்தில் பெரிய காரியம் இல்லை. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. மனுவை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு, குறித்த நாளில் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான். நான் மனுவை நிரப்ப உட்கார்ந்தபோது பெரியம்மை முற்றத்தில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த ஊர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி,

"ஏல, கல்யாணத்துக்கு வான்னு எழுதியிருக்காக, சரி. என்ன வேலைக்குன்னு எழுதலியே?" என்று கேட்டாள்.

"வேலை ஒண்ணும் இல்ல பெரியம்மா. எல்லாம் ஓட்டல்காரனே பாத்துக்கிடுவான். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கதுக்கா அம்புட்டுத் தூரம் போகணும்? அதெ இங்கனயே இருந்துக்கிடலாமே."

அத்துடன் அவள் வற்றலுக்குத் திரும்பிவிட்டாள். மனு பாதியில் நிற்கிறது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் அலமாரியிலிருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. கடல் கடந்து கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் பற்றித் தமிழில் கதை என்றால் அதைத் தவிர வேறு எது நினைவுக்கு வரும்?

1963ல் ஆனந்த விகடனில் கோபுலுவின் படங்களோடு தொடராக வந்த கதை அது. பிறகு புஸ்தகமாகி, நாடகமாகி, இன்றும் அச்சில் இருக்கிறது. கதையைப் படிக்காதவர்களுக்குக்கூடக் கதை தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தார் ஊரில் போய் அதைப் பற்றிச் சொல்கிறார்கள். கேட்ட கோடீசுவரச் சீமாட்டி, ராக்ஃபெல்லர் மாமிக்கு, அப்படி ஒரு கல்யாணத்தைத் தன் ஊரிலேயே நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிறக்கிறது. செலவு முழுவதும் அவளுடையது. பெண், மாப்பிள்ளை, சம்பந்திகள், சாஸ்திரிகள், சமையற்காரர்கள், நாதஸ்வரக்காரர்கள், அப்பளம் இடும் பாட்டிகள் எல்லோரும் விமானத்தில் அமெரிக்கா போகிறார்கள். ஜானவாசத்துக்குக் காஸ் விளக்குத் தூக்க நரிக்குறவர்களும் போகிறார்கள். கல்யாணம் நடக்கிறது. அவ்வளவுதான் கதை.

இந்தப் புஸ்தகத்தை நல்ல ஹாஸ்யம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. சிறந்த தமிழ் நாவல்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை. இலக்கிய நாவலில் நாம் எதிர்பார்க்கிற பாத்திர வளர்ச்சி, மனப் போராட்டம், வாழ்க்கைத் தரிசனம் ஒன்றும் இதில் இல்லை என்பது என் அபிப்பிராயமாக இருந்தது. அந்த அபிப்பிராயம் முழுக்கத் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மணமகளும் மணமகனும் இதில் பெயரளவுக்குத்தான் இருக்கிறார்கள். கதையை ரசித்துச் சொல்கிற வாசகர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். மணமக்களின் பெயரை உடனே சொன்னவர்கள் குறைவு. அப்பளப் பாட்டிகளை மறந்தவர்கள் ஒருவர்கூட இல்லை.

இது குறை என்று இதுவரை நினைத்திருந்தேன். பெரியம்மை கேட்ட கேள்விக்குப் பிறகு படித்தபோது, கதையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். இந்த நாவலில் நடப்பதெல்லாம் ஏற்பாடு. யார் யார் வர வேண்டும், எதை எதை எடுத்துப் போக வேண்டும், எது அங்கே கிடைக்கும், எது கிடைக்காது, எத்தனை பேருக்கு எங்கே இடம் என்பதுதான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பேச்சு. தாலி கட்டுகிற நேரத்தைவிட அதற்கு முந்தின நாட்களுக்குத்தான் இடம் அதிகம். கல்யாண வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். முகூர்த்தம் ஒரு நிமிஷம். ஏற்பாடு ஆறு மாதம். கல்யாணம் என்று நாம் ஞாபகம் வைத்திருப்பதில் முக்கால் பங்கு அந்த ஆறு மாதம்தான். இதை உணர்ந்து கதையின் எடையை ஏற்பாட்டின் மேல் வைத்தது சாவியின் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது விஷயம், அந்தப் பிரயாணிகளில் பெரும்பாலோர் சும்மா போகவில்லை. ஆளுக்கு ஒரு வேலையோடு போகிறார்கள். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லப் போகிறார். பாட்டிகள் அப்பளம் இடப் போகிறார்கள். காஸ் விளக்குக்குத் தலை வேண்டும் என்பதற்காக ஒரு கூட்டம் போகிறது. சம்பந்தி வீட்டார்கூடச் சும்மா போகவில்லை, கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்! சம்பந்திச் சண்டையையும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு சடங்காகவே எண்ணிக் காத்திருக்கிறார்கள் என்றால், அதுவும் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது. என் பெரியம்மைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், "என்ன வேலைக்கு?" என்று கேட்டிருக்க மாட்டாள். மாவு பிசையக் கையை அலம்பிக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

கதை வெளிவந்த வருஷத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சில சங்கதிகள் புலப்படுகின்றன. 1963ல் ஒரு பாட்டியம்மாள் அமெரிக்கா போவது எப்படிப்பட்ட காரியம்? அங்கே போய்க் குடியேற இந்தியர்களுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை, 1946ம் வருஷத்துச் சட்டப்படி, வருஷத்துக்கு 100 பேர். 1965ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நம் டாக்டர்களும் எஞ்சினியர்களும் குடும்பத்தோடு போகத் தொடங்கினார்கள். விருந்தாளியாகப் போவதானாலும் இந்தப் பக்கத்துத் தொல்லை தீராது. பாஸ்போர்ட் என்பது அப்போது சர்க்கார் மனம் வைத்துக் கொடுக்கிற தயவு. வெளிநாடு போவது தனி மனிதனின் சுதந்திரத்தில் சேர்ந்தது, காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1967 ஏப்ரலில். அந்த வருஷமே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அது வரையில் அதற்கென்று விவரமான சட்டமே இல்லை. கைச் செலவுக்கு அந்நியச் செலாவணி வேண்டுமானால் ரிசர்வ் பாங்கின் அனுமதி வேண்டும். கல்யாணத்துக்கு நகை செய்வதுகூட அப்போது எளிதல்ல. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்யக் கூடாது.

இத்தனை தடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஓர் எழுத்தாளர், பாட்டிகளை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார். தடைகளை அவர் பிரமாதப்படுத்தவில்லை. ஒரு சீமாட்டியின் பணத்தைக் கொண்டு ஊதித் தள்ளிவிடுகிறார். அன்றைய வாசகர்கள் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பது இதிலிருந்து விளங்குகிறது. நடக்கவே முடியாத காரியம் அத்தனை லேசாக நடந்துவிடுகிறது.

சரி, முடியாத காரியம் என்பதுதான் சிரிப்புக்கு ஆதாரம் என்றால், அது முடிகிற காரியமாகிவிட்ட பிறகு சிரிப்பு வற்றிப்போயிருக்க வேண்டும் அல்லவா? இன்று வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் லான்ஹம் என்ற ஊரில் சிவ விஷ்ணு கோயில் இருக்கிறது. அமெரிக்காவில் தாலி கட்டிக்கொண்ட தமிழ்த் தம்பதிகளின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அப்பளம் பாக்கெட்டில் கிடைக்கிறது. சாவி வேடிக்கைக்காகச் செய்த கற்பனை சாதாரணச் செய்தி ஆகிவிட்டது. ஆனாலும் புஸ்தகத்தைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. தூரத்தை நம்பி எழுதிய ஹாஸ்யமாக இருந்தால் தூரம் குறைந்ததும் செத்திருக்கும். இது வேறு எதையோ நம்பி நிற்கிறது. ஒரு கல்யாணம் நடக்க எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன, அதில் ஒரு கையைக்கூடக் குறைக்க முடியாமல் போகிறதே என்பதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். அமெரிக்காவில் எல்லாம் உண்டு. பணம் உண்டு, இயந்திரம் உண்டு. ஆனால் அத்தைப் பாட்டி இல்லை. அவளைக் கூப்பிட்டு அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

புகழ்ந்தது போதும். இந்த நாவலில் என்னை உறுத்துகிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்க் கதைகளில் கல்யாணம் என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்ணின் தகப்பனாரின் கண்ணீர்தான். வரதட்சணைக்குக் கடன் வாங்குகிறவர், நிலத்தை விற்கிறவர், முகூர்த்தம் நின்றுபோய் மானத்தை இழக்கிறவர் என்று எத்தனை கதைகள்! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ல் வந்தது. கதைகளும் நிற்கவில்லை, வரதட்சணையும் நிற்கவில்லை. சாவி செய்த பெரிய தந்திரம், செலவைக் கதையிலிருந்து தூக்கிவிட்டதுதான். ராக்ஃபெல்லர் மாமி காமதேனு மாதிரி நிற்கிறாள். கேட்டது வருகிறது. செலவு போனவுடன் துக்கம் போயிற்று. துக்கம் போனவுடன் சடங்குகளின் வேடிக்கையை நிம்மதியாகப் பார்க்க முடிகிறது. யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் செலவோடு கூட மனிதரும் கொஞ்சம் போய்விட்டார். தன் பெண்ணின் கல்யாணத்தை வேறொருத்தி பணத்தில் நடத்துகிற தகப்பனாருக்கு ராத்திரியில் தூக்கம் வந்திருக்குமா? ஒரு கணமாவது வெட்கமாக இருந்திராதா? அதை ஆசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹாஸ்யம் கெட்டிருக்கும் என்று பயந்திருக்கலாம். எனக்கு என்னவோ, கெட்டிருக்காது, ஆழப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. சாவிக்கு ஆழம் தெரியாது என்று சொல்ல முடியாது. காந்தியடிகளின் நவகாளி யாத்திரையைக் கூடவே போய்ப் பார்த்து எழுதியவர் அவர். எதற்காக நடக்கிறோம் என்று தெரிந்து நடந்த ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து போனவர். இந்த யாத்திரையில் அந்தக் கண்ணை அவர் பாதி மூடிக்கொண்டுவிட்டார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. இந்தக் கல்யாணத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி, நடத்துகிறவர்கள் ஒரு கட்சி என்று பிரிந்துவிடுகிறது. பாட்டிகளும் சாஸ்திரிகளும் வேலைக்காரர்களாக மட்டும் போனால் பாதகமில்லை. காட்சிப் பொருள்களாகவும் போகிறார்கள். அதிலும் நரிக்குறவர்களை விளக்குத் தூக்க விமானத்தில் கொண்டுபோகிற பகுதியை இன்று படிக்கும்போது அவ்வளவு தாராளமாகச் சிரிக்க முடியவில்லை. எல்லோருக்கும் வாய் கொடுத்த ஆசிரியர், தலையில் பாரத்தோடு நின்றவர்களுக்கும் நாலு வார்த்தை நிதானமாகக் கொடுத்திருக்கலாம். ஊர்வலத்தின் வெளிச்சம் மாப்பிள்ளையின் முகத்தில் விழுகிறது. தூக்குகிறவன் முகம் இருட்டில் இருக்கிறது. நம் ஊர்களிலும் அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். கதைக்கு அந்தச் சமாதானம் போதாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு காரியத்துக்காக நான் சாவியின் கட்சியில் சேர வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதைகள் இரண்டை இழுக்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் மண் மதில் சூழ்ந்த கோட்டை ஒன்று இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்று அதற்குள் வாழ்ந்தவர்களுக்குப் பெயர். அந்த வீட்டுப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை. அந்நிய ஆண்கள் உள்ளே போவதில்லை. கலியாணமும் கோட்டைக்குள்ளேயே, ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மதிலுக்குள். கமலா கணேஷ் என்ற அறிஞர் அவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிய புஸ்தகம் 1993ல் வெளிவந்தது. அந்த வாழ்க்கை இருபதாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. முடிந்ததே நல்லது, வெளிச்சம் பார்க்காமல் பெண்களை அடைத்து வைத்ததை யாரும் கொண்டாட முடியாது. ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். தெரிந்த முகங்களுக்கு நடுவில், தெரிந்த அடுப்பங்கரையில், ஒவ்வொருத்திக்கும் இன்ன வேலை என்று பிறந்தபோதே தீர்மானமான கல்யாணங்கள் அவை. ஒரு மதிலுக்குள் நடந்த கல்யாணத்திலிருந்து சமுத்திரத்துக்கு அப்பால் நடக்கிற கல்யாணம் வரைக்கும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஊர் கூடி நடத்திய கல்யாணம் ஒன்று இருந்தது. என் பெரியம்மைக்குத் தெரிந்தது அது.

மற்றக் கதை இதைவிட மிகப் பழையது. கைலாசத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். தேவரும் முனிவரும் பூலோகம் முழுவதும் அங்கே போய்க் கூடிவிட்டார்கள். பாரம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. தராசைச் சமன் செய்ய வேண்டி சிவன் அகஸ்தியரைத் தெற்கே பொதிகைக்குப் போகச் சொன்னார். கூடியிருந்த அத்தனை பேரில் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போனவர் அவர் ஒருவர். அவர் வருத்தப்பட்டார், வருத்தப்படாமல் இருப்பாரா? அப்போது சிவன், நீ இருக்கிற இடத்துக்கு வந்து கல்யாணக் கோலம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பாபநாசத்தில் காட்டினார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோயிலில் இறைவனும் இறைவியும் மணக்கோலத்தில் அகஸ்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் காட்சி கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். பாபநாசத்துத் தண்ணீர் ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்துக் கடைசி அணைக்கு வந்து சேருவதைப் போல, இந்தக் கதையும் ஆற்றோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாமிரவருணிக்காரர்களான எங்களுக்கு மூதாதை என்று ஒருவரைச் சொல்வதானால், அவர் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போன விருந்தாளி.

வெளிநாட்டுக் கல்யாணம் என்ற எண்ணம் புதிது அல்ல என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய கல்யாணத்துக்கு ஊரே கூடும்போது வர முடியாதவனை என்ன செய்வது என்ற கேள்வியைப் புராணம் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையே எழுந்து வருகிறார் என்று பதிலும் சொல்லியிருக்கிறது. சாவி வேறு பதில் சொன்னார். வர முடியாதவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது, எல்லோரையும் விமானத்தில் ஏற்று என்றார். இரண்டு பதிலும் பெருந்தன்மையான பதில்கள்.

இன்றைய வெளிநாட்டுக் கல்யாணம் சொல்லுகிற பதில் என்ன? எண்பது பேர். அதற்கு மேல் அறை கிடையாது. 2023 நவம்பரில் தாய்லாந்து, இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதே மாதம் 26ந் தேதி நம் பிரதம மந்திரி ரேடியோவில் பேசும்போது, வெளிநாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்வது அவசியந்தானா என்று கேட்டார். பணம் நாட்டை விட்டுப் போகிறது என்பது அவருடைய கவலை. அது சர்க்காரின் கவலை, இருக்க வேண்டியதுதான். கதை எழுதுகிறவனுடைய கவலை வேறு. எண்பது பேர் பட்டியலைப் போட உட்காருகிறவர்கள் முதலில் அடிப்பது யார் பெயரை? பாஸ்போர்ட் இல்லாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், விமானச் சார்ஜ் கொடுக்க முடியாதவர்கள், மூட்டு வலிக்காரர்கள். வீட்டுக் கல்யாணத்தில் நாலு நாள் முன்னதாகவே வந்து அடுப்பங்கரையில் உட்காருகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். சாவியின் கல்யாணத்தில் பட்டியலின் தலையில் இருந்த பாட்டிகள், இந்தக் கல்யாணத்தில் பட்டியலின் அடியில் இருக்கிறார்கள். சொந்தப் பாட்டியானபடியால் என் பெரியம்மையின் பெயர் தப்பியது. அவளுடைய தங்கைமார் பெயர் தப்பவில்லை.

ஆனால் இளையவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் கல்யாணம் நடந்தாலும் இப்போது யார் அப்பளம் இடுகிறார்கள்? மண்டபமும் சமையலும் காண்டிராக்ட். பந்தியில் பரிமாறுகிறவர்கள் சீருடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டாயிரம் பேர் வந்து, மேடையில் வரிசையில் நின்று, சுருள் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளை முகத்தை அதில் எத்தனை பேர் பார்த்தார்கள்? அந்தக் கூட்டத்துக்கு எண்பது பேர் கூடி மூன்று நாள் பேசிச் சிரித்து இருப்பது மேல் என்று அந்தப் பெண் நினைத்தால், அதிலும் நியாயம் இருக்கிறது. தகப்பனாருக்கும் செலவு குறைகிறது என்று அண்ணாச்சி சொல்கிறார். செலவில் ஒரு பங்கு டிக்கட் ரூபத்தில் விருந்தாளியின் தலைக்கு மாறுகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ராக்ஃபெல்லர் மாமி இல்லாத உலகத்தில் யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஆகவே கடலைத் தாண்டுவதா வேண்டாமா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் சிரிக்கச் சிரிக்க எழுதிய ஒரு மனிதர் அதைத் தாண்டிக் காட்டிவிட்டார். கூப்பிடுகிறவர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் விஷயம். 'நீ வந்து இரு' என்று கூப்பிடுவது மரியாதை. 'நீ வந்தால்தான் ஆகும்' என்று கூப்பிடுவது உறவு. மரியாதைக்காக எண்பது வயதில் ஒருத்தி விமானம் ஏறுவாளா என்பது சந்தேகம். 'வாஷிங்டனில் திருமணம்' நல்ல நாவலா என்று இப்போது என்னைக் கேட்டால், தகப்பனாரின் மனத்தையும் விளக்குத் தூக்கியவரின் முகத்தையும் தவறவிட்ட நாவல் என்று முன் போலவே சொல்வேன். அத்துடன், கல்யாணத்தில் வேலை இல்லாத விருந்தாளியே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய நாவல் என்றும் சேர்த்துச் சொல்வேன். பட்டியல் போடுகிறவர்கள் இன்னொரு தடவை எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

நேற்று ராத்திரி பெங்களூருக்குப் போன் போட்டு மதினியிடம் பெரியம்மை கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தை கையால முந்திரிக்கொத்து பிடிச்சுக் கொண்டாந்தாங்கன்னா எண்பது பேருக்கும் ஆளுக்கு ரெண்டு குடுக்கலாம். அது இல்லாம மறுவீட்டுப் பலகாரம் எப்படி? அத்தைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

காலையில் போய்ச் சொன்னேன். பெரியம்மை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எண்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் எத்தனை படி பாசிப்பயறு வறுக்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டாள். தங்கைமாரை இரண்டு நாளைக்கு வரச் சொல்ல வேண்டும் என்றாள். பொரித்து எடுக்க ஆள் வேண்டும் அல்லவா? கணக்கு முடிந்ததும் என்னைப் பார்த்து,

"அந்தத் தாளுல மிச்சத்தயும் எழுதிப்புடு. அது கெடக்கட்டும், கருப்பட்டிப் பலகாரத்த பிளேனுல விடுவானால?" என்று கேட்டாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மனுவை அனுப்பியாகிவிட்டது.